சிறைக்குள் கேட்ட சொற்கள்
பாலியல் குற்றவாளிகளைப் பற்றி உளநூலார் கண்டவை

சிறுமி ஒருத்திக்கோ சிறுவன் ஒருவனுக்கோ கொடுமை நேர்ந்தது என்ற செய்தி நாளிதழில் வெளிவரும் நாளில், அதனைச் செய்தவனைக் கொடிய விலங்காகவும், இருளில் பதுங்கியிருந்து பாயும் அயலானாகவும், அறிவு திரிந்த பித்தனாகவும் மனக்கண்முன் தீட்டிக்கொள்வது உலக வழக்கு. அச்சினம் நியாயமானதே. எனினும், சினம் தீட்டிய படம் உண்மைப் படந்தானா என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு விடை தேடிய உளநூலார் சிறைக்கூடங்களுக்கே சென்றனர். தண்டனை பெற்றோரின் எதிரில் அமர்ந்து அவர்தம் வாய்மொழியைக் கேட்டனர்; அவர்களைப் பிற கைதிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். நோயையும் நோயின் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறியே இவ்வாராய்ச்சிக்கும் அடிப்படை எனலாம்.

இத்தகைய ஆராய்ச்சியால் தமிழாசிரியர்க்கு யாது பயன் என்று சிலர் வினவக்கூடும். படம் பிழையானால் காவலும் பிழையாகும். விலங்கைத் தேடும் கண், பக்கத்தில் நிற்கும் மனிதனைக் காணாது. குழந்தை அம்மனிதனின் பெயரைச் சொன்னாலும், 'அவரா? இருக்காது' என்றே நாக்கு எழும். ஆகவே, இது சிறைச்சாலையோடு முடிந்துவிடும் செய்தியன்று. வகுப்பறை வாயில்வரை வருவது.

ஒரே அச்சில் வார்த்தவர் அல்லர்

அமெரிக்க நாட்டின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரட் கின்சி நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பால் கெப்ஹார்டும் அவர்தம் துணைவரும், சிறைப்பட்ட பாலியல் குற்றவாளிகள் பலரை நேரிற் கண்டு வினவித் தொகுத்த பெருநூல் 1965-இல் வெளிவந்தது. குற்றத்துக்கு ஆளானவர் சிறியவரா பெரியவரா, உறவினரா அயலவரா, வன்முறை கையாளப்பட்டதா இல்லையா என்றெல்லாம் பகுத்து நோக்கியபோது, ஒரு வகையினரின் இயல்பு மற்றொரு வகையினரிடம் காணப்படவில்லை. 'பாலியல் குற்றவாளி' என்பது சட்டம் சூட்டும் ஒரு பெயரேயன்றி உள்ளத்தின் ஒரே வகையைக் குறிப்பதன்று என்பது அன்றே தெளிவாயிற்று.

1979-இல் நிக்கலஸ் குரோத் என்னும் உளநூலார், சிறைகளில் தாம் கண்டு பழகிய குற்றவாளிகளைக்கொண்டு, வன்புணர்ச்சி என்பது வெறும் காம மிகுதியால் விளைவதன்று என்று எடுத்துரைத்தார். அடக்கி ஆளும் வேட்கை, சினம், துன்புறுத்துவதில் காணும் இன்பம் என மூவகை உள்நோக்கங்களை அவர் பிரித்துக் காட்டினார். அவற்றுள் ஆதிக்க வேட்கையே மிகுதி என்பது அவர் கண்ட முடிவு. பின்வந்தோர் இப்பகுப்பைத் திருத்தியும் விரித்தும் உள்ளனர். ஆயினும், 'அடக்க முடியாத ஆசை' என்ற பழைய விளக்கம் போதாது என்பதில் கருத்து வேற்றுமை பெரிதாக இல்லை.

இவர்களுள் பெரும்பாலோர் கடும் மனநோயர் அல்லர் என்பதும் கருதத்தக்கது. வேலைக்குச் செல்வோர், மனைவி மக்கள் உடையோர், அண்டை அயலாரால் நல்லவர் என மதிக்கப்பெற்றோர் இவர்களுள் உண்டு. பித்தன் எனக் கூறி ஒதுக்குவது ஊருக்கு ஆறுதல் தரலாம், உண்மைக்குப் பொருந்தாது.

குற்றத்துக்கு முன்பே பிறந்த சொல்

மொழி கற்பிப்போர் ஊன்றி நோக்கவேண்டிய ஆய்வு ஒன்று 1984-இல் வெளியாயிற்று. டயானா ஸ்கல்லி, ஜோசப் மரோலா என்னும் சமூகவியலார் இருவர், வர்ஜீனியா மாநிலச் சிறைகளில் வன்புணர்ச்சிக்காகத் தண்டனை பெற்ற 114 பேரைக் கண்டு பேசினர். 'இவன் ஏன் செய்தான்?' என்பதைவிட, 'செய்ததை எந்தச் சொற்களால் விளக்குகிறான்?' என்பதிலேயே அவர்கள் கருத்தைச் செலுத்தினர். 47 பேர் தாம் செய்தது வன்புணர்ச்சியே என ஒப்புக்கொண்டனர். 32 பேர் உடலுறவு நிகழ்ந்தது உண்மை, ஆனால் அது குற்றமன்று என்றனர். எஞ்சியோர் தமக்கும் அந்நிகழ்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்றனர்.

ஒப்புக்கொண்டோர் பெரும்பாலும் சாக்குச் சொன்னார்கள். குடி மயக்கம், மனக்கலக்கம், 'உண்மையில் நான் நல்லவன், அன்று மட்டும் தவறிவிட்டேன்' என்பன அச்சாக்குகள். ஒப்புக்கொள்ளாதோர் நியாயம் பேசினர். அவளே தூண்டினாள், மறுப்பு என்பது உண்மை மறுப்பன்று, ஒழுக்கமுள்ள பெண்ணுக்கு இது நேராது என்பன அவர் வாதங்கள். குடியைக்கூட இரு சாராரும் இரு வகையாய்ப் பயன்படுத்தினர். முன்னவர் தம் குடியைத் தம் பிழைக்குக் காரணமாக்கினர். பின்னவர் அவள் குடித்திருந்ததை அவள்மீது பழியாக்கினர்.

இதற்கு முன்பே, 1957-இல், கிரஷாம் சைக்ஸ், டேவிட் மட்சா என்னும் அறிஞர்கள் இளங்குற்றவாளிகளின் பேச்சை ஆராய்ந்து இதனையொத்த உண்மையைக் கண்டிருந்தனர். 'பொறுப்பு என்னுடையதன்று', 'யாருக்கும் கேடில்லை', 'அவனுக்கு இது வேண்டியதுதான்' என்பனபோன்ற சொற்கள் குற்றம் முடிந்தபின் வரும் சமாதானங்கள் மட்டும் அல்ல. குற்றத்துக்கு முன்பே மனச்சான்றின் வாயை அடைக்கும் துணிகளும் அவையே என்பது அவர்கள் கருத்து. மனிதன் முதலில் தனக்கே பொய் சொல்லிக்கொள்கிறான். பின்னரே பிறர்க்குத் தீங்கு செய்கிறான்.

இச்சொற்களைக் குற்றவாளி தனியே அமர்ந்து படைத்துக்கொண்டானா? இல்லை. ஊர் அவனுக்கு முன்பே கொடுத்து வைத்திருக்கிறது. 'ஊசி இடங்கொடாமல் நூல் நுழையுமா' என்று நம் திண்ணைகளில் கூசாமல் சொல்லப்பட்ட பழமொழியை எண்ணிப் பார்க்க வேண்டும். வர்ஜீனியாச் சிறையில் ஒருவன் நெடுநேரம் பேசிய நியாயத்தை நம் பழமொழி ஒரே வரியில் முடித்துவிடுகிறது. சேலை முள்ளில் பட்டாலும், முள் சேலையில் பட்டாலும் கேடு சேலைக்கே என்னும் மற்றொரு பழமொழி, இரக்கம்போல் தோன்றினும், காவலின் சுமை முழுவதையும் சேலைமேல் ஏற்றிவிட்டு முள்ளைக் கேள்வி கேளாது விடுகிறது. நாளிதழ்கள் நெடுங்காலம் வழங்கிய 'கற்பழிப்பு' என்னும் சொல்லும் இத்தகையதே. செய்தவன் இழந்ததாக ஒன்றும் கூறாமல், துன்புற்றவள் தன் பெருமையை இழந்தாள் என்பது அச்சொல்லின் பொருள். இன்று 'வன்புணர்ச்சி', 'பாலியல் வன்கொடுமை' என எழுதுவது நாகரிகத்துக்காகச் செய்த மாற்றம் மட்டுமன்று. பழியை உரிய இடத்தில் வைப்பதற்காகச் செய்த திருத்தம்.

திகார்ச் சிறையில்

2012 திசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் மாணவி ஒருவர்க்கு நேர்ந்த கொடுமையும், அவர் இறந்ததும் இந்தியா முழுவதையும் உலுக்கின. அதன்பின், இங்கிலாந்தில் ஆய்வு மாணவியாக இருந்த மதுமிதா பாண்டே 2013 முதல் தில்லித் திகார்ச் சிறைக்குச் சென்று, வன்புணர்ச்சிக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றோர் நூறு பேர் அளவில் கண்டு பேசினார். கொடிய அரக்கரைக் காண்போம் என்று எண்ணிச் சென்றவர், பேசப் பேச, அவர்கள் சாதாரண மனிதராகவே தோன்றினர் என்று பின்னர் கூறினார். பலர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள். பெண்ணின் இசைவு என்றால் என்ன என்பதையே பலர் அறிந்திருக்கவில்லை. தம் செயலுக்காக உண்மையில் வருந்தியவர் மிகச் சிலரே. பழியை அப்பெண்கள்மேல் ஏற்றியோர் பலர். சிறுமி ஒருத்திக்குக் கொடுமை செய்த ஒருவன், தான் விடுதலையானதும் அவளையே மணந்துகொள்வதாகக் கூறினானாம். அதனை அவன் பரிகாரம் என்றே நம்பினான்.

வர்ஜீனியாவும் தில்லியும் நிலத்தால் நெடுந்தூரம் பிரிந்தவை; மொழியால் வேறானவை. ஆயினும் சிறைக்குள் கேட்ட சொற்களின் உறவு வியப்பளிக்கிறது. படிப்பின்மையே காரணம் என்று இதிலிருந்து முடிவு கட்டுதல் தவறு. கற்றவனும் பொருள் உடையவனும் எளிதில் சிறைக்குள் வருவதில்லை என்பதையும் கருத வேண்டும்.

சிறார்க்குத் தீங்கு செய்வோர்

சிறார்மீது கைவைக்கும் எல்லாரும் சிறார்மீது மட்டுமே நாட்டமுடையவர் என்பது பொதுமக்கள் எண்ணம். அத்தகைய நிலைத்த நாட்டம் உடையோர் தண்டனை பெற்றோருள் ஏறத்தாழப் பாதியளவினரே என்பது கனடிய ஆய்வாளர் மைக்கேல் சீட்டோ போன்றோரின் மதிப்பீடு. ஏனையோரிடம் வாய்ப்பு, ஆதிக்கம், தன்னடக்கமின்மை, பெரியவர்களோடு உறவு கொள்ளத் தெரியாமை முதலியன பல்வேறு அளவில் கலந்து நிற்கின்றன.

1984-இல் டேவிட் பிங்கெல்ஹோர் என்னும் அறிஞர், சிறார்க்குத் தீங்கு நேர்வதற்கு நான்கு படிகள் கடக்கப்படுகின்றன என்றார். முதற்படி, தீய நாட்டம் ஒருவன் உள்ளத்தில் தோன்றுதல். இரண்டாவது, அவன் தன் மனச்சான்றை மடக்குதல். மூன்றாவது, குழந்தையைச் சூழ்ந்துள்ள காவலைக் கடத்தல். நான்காவது, குழந்தையின் எதிர்ப்பை அன்பாலோ அச்சத்தாலோ பரிசுப் பொருளாலோ அடக்குதல். முதலிரண்டும் குற்றவாளியின் உள்ளே நிகழ்வன. பிறர் கண்ணுக்குப் புலப்படா. பின்னிரண்டும் வெளியே நிகழ்வன. பெற்றோரும் பள்ளியும் தடுத்து நிறுத்தக்கூடிய இடம் அங்கேதான் உள்ளது. குழந்தையின் எதிர்ப்பு அடங்கிப்போனால் அது குழந்தையின் குற்றமன்று என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

தீங்கு செய்வோன் பெரும்பாலும் அயலானல்லன். இந்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 சிறாரிடம் வினவி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் தீங்குக்கு ஆளானதாகக் கூறினர். தீங்கிழைத்தோருள் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர் அல்லது நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தவர். தீங்குற்றோருள் சிறுவர் தொகை சிறுமியர் தொகைக்குக் குறையவில்லை. சற்றே மிகுதியாகவும் இருந்தது. 'ஆண் பிள்ளைக்கு என்ன பயம்' என்பார்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

மலேசியாவில் இதற்குப் பெருஞ்சான்று ரிச்சர்ட் ஹக்கல் என்பவன். இங்கிலாந்து நாட்டினனான அவன் கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களிடையே ஆங்கிலம் கற்பிப்பவனாகவும் தொண்டனாகவும் பழகினான். 2006 முதல் 2014 வரை கைக்குழந்தை முதல் பன்னிரண்டு வயதினர் வரை பல சிறார்க்குக் கொடுமை செய்தான். 2016 சூனில் இலண்டன் நீதிமன்றம் 71 குற்றங்களுக்காக அவனுக்கு 22 ஆயுள் தண்டனைகளை விதித்தது. 2019-இல் சிறையிலேயே மற்றொரு கைதியால் அவன் கொல்லப்பட்டான். எட்டாண்டுக் காலம் அவனைக் காத்தது இருள் அன்று. அவன்மீது பெற்றோர் வைத்த நன்றியுணர்வு.

துன்புற்றோர்மேல் விழும் ஐயம்

'இளமையில் இக்கொடுமைக்கு ஆளானவன் பின்னாளில் தானும் அதனையே செய்வான்' என்ற கூற்று அடிக்கடி கேட்கப்படுகிறது. சிறைப்பட்டோரை வினவும்போது பலர் தம் குழந்தைப் பருவத் துன்பத்தைக் கூறுவது உண்மை. ஆனால் இது பின்னோக்கிப் பார்ப்பது. கேத்தி ஸ்பாட்ஸ் விடம் என்னும் அமெரிக்க அறிஞர் முன்னோக்கிப் பார்த்தார். 1967 முதல் 1971 வரை நீதிமன்றப் பதிவேடுகளில் இடம்பெற்ற துன்புற்ற குழந்தைகளை அவர்கள் நடுவயதை எட்டும்வரை பின்தொடர்ந்தார். 2015-இல் வெளியான முடிவின்படி, பாலியல் தீங்குற்ற சிறார் பிற்காலத்தில் பாலியல் குற்றத்துக்காகக் கைதாவது, அவ்வாறு தீங்குறாதாரைவிடக் கருதத்தக்க அளவு மிகுதியாக இல்லை. அடி உதைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான சிறாரிடத்தேதான் அம்மிகுதி காணப்பட்டது.

தீங்குற்ற மாணவனை ஐயக்கண்கொண்டு நோக்கும் பழக்கத்துக்கு இம்முடிவு முற்றுப்புள்ளி வைத்தல் வேண்டும். நேற்றுத் துன்புற்றவனை நாளைய குற்றவாளி எனக் கருதுவது அவனுக்கு இரண்டாம் முறை இழைக்கும் தீங்காகும்.

திருந்துவரா?

ஒருமுறை செய்தவன் மறுமுறையும் செய்தே தீருவான் என்பது மற்றொரு நம்பிக்கை. கார்ல் ஹான்சன், மோனிக் புசியேர் இருவரும் 61 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 1998-இல் வெளியிட்ட கணக்கின்படி, விடுதலை பெற்று நான்கைந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் பாலியல் குற்றத்தில் சிக்கியவர் 13.4 விழுக்காட்டினர். சிக்காமல் செய்தவர் இக்கணக்கில் வாரார் என்பதை மறத்தலாகாது. மீண்டும் குற்றம் செய்வோரை முன்னறிவதற்குத் துணையாவன, நெறிதிறம்பிய நாட்டமும் முன்னைய குற்றங்களும் சட்டத்தை மதியா இயல்புமாம். சிறையில் அவர் கண்ணீர் விட்டாரா, குற்றத்தை மறுத்தாரா என்பவை எதிர்பார்த்த அளவு துணைசெய்யவில்லை. முகத்தைப் பார்த்து மனத்தை அளப்பது எளிதன்று.

உளச்சிகிச்சை பயன் தருமா என்பதிலும் விடை ஒருமுகமாக இல்லை. பிரீட்ரிக் லோசல், மார்ட்டின் ஷ்முக்கர் என்போர் 69 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியிட்டதில், சிகிச்சை பெற்றோருள் 11.1 விழுக்காட்டினரும், பெறாதோருள் 17.5 விழுக்காட்டினரும் மீண்டும் பாலியல் குற்றம் செய்தனர். ஆனால் இங்கிலாந்துச் சிறைகளில் பல்லாண்டு நடைபெற்ற ஒரு திட்டத்தை மதிப்பிட்டு 2017-இல் வெளியான அறிக்கை, சிகிச்சை பெற்றோருள் 10 விழுக்காட்டினரும் பெறாதோருள் 8 விழுக்காட்டினரும் மீண்டும் அக்குற்றம் செய்ததாகக் காட்டிற்று. அத்திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. நல்லெண்ணம் மட்டும் மருந்தாகாது; மருந்து வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்கும் நேர்மையும் வேண்டும் என்பதே இதனால் பெறும் பாடம்.

சிறைக்கு வெளியே உள்ளவர்

இதுகாறும் கூறிய ஆய்வுகளுள் பலவற்றுக்குப் பொதுவான குறை ஒன்றுண்டு. அவை சிறைப்பட்டோரை மட்டுமே அறியும். வலையில் சிக்கிய மீனைக்கொண்டு கடல்மீன் அனைத்தையும் அளக்கும் முயற்சி அது. மலேசியாவில் 2012 சனவரி முதல் 2016 சூலை வரை காவல்துறைக்கு வந்த சிறார் பாலியல் கொடுமைப் புகார்கள் 12,987. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவை 2,189. தண்டனையில் முடிந்தவை 140 மட்டுமே. புகாரே ஆகாமல் வீட்டுக்குள் அமிழ்ந்துபோனவை எத்தனையோ! பீடோருக்கு வடக்கே சிறிது தொலைவில் தாப்பா நகரில் ஒரு சிறைச்சாலை இருக்கிறது. அதன் மதில் உயரமானது. ஆனால் குழந்தைகளுக்குத் தீங்கு செய்தோருள் மிகப் பெரும்பாலோர் எந்த மதிலுக்குள்ளும் அடைபட்டவர் அல்லர் என்பதே இவ்வெண்கள் உரைக்கும் உண்மை.

தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், தாய் பால்மரம் வெட்டச் செல்லுகையில் பிள்ளை ஆயாக்கொட்டகையில் இருந்தது. லயத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்தனர். அக்காலம் குற்றமற்றது என்று சொல்லுதற்கில்லை. எல்லாரும் அறிந்தவர் என்பதே பலர் வாயை அடைத்ததும் உண்டு. இன்று இரப்பர்க் காடுகள் பல செம்பனையாகிவிட்டன; குடும்பங்கள் பட்டணத்து வீடமைப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டன. பிள்ளைகள் வேனில் பள்ளிக்கு வருகின்றனர். மாலையில் தனிவகுப்புக்குச் செல்கின்றனர். இரவில் கைப்பேசியின்முன் அமர்கின்றனர். பிங்கெல்ஹோர் கூறிய மூன்றாம் படியின் காவலர்கள் மாறிவிட்டனர். காவல் மாறியதை உணராத வீடு, கதவைத் திறந்துவைத்த வீடே.

சட்டமும் ஆசிரியரும்

ஹக்கல் வழக்கு எழுப்பிய அதிர்ச்சிக்குப் பின், சிறார் பாலியல் குற்றச் சட்டம் மலேசியாவில் 2017 சூலை 10-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலாரையும் அது சிறார் எனக் கொள்கிறது. தீய நோக்கோடு சிறாருடன் நட்புப் பூண்டு வசப்படுத்துவதையே தனிக் குற்றமாக்கிற்று. வேறு சான்றின் துணையில்லாமல் குழந்தையின் வாக்குமூலத்தைக் கொண்டே தண்டனை விதிக்க நீதிமன்றத்துக்கு இடமளித்தது. பெற்றோர், உறவினர், குழந்தை பராமரிப்போர், பயிற்றுநர், ஆசிரியர் முதலிய நம்பிக்கைக்குரியோர் குற்றம் செய்யின் கூடுதல் தண்டனை உண்டு. இத்தகைய குற்றத்தை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காத எவர்க்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம்.

ஆசிரியர் இச்சட்டத்தில் இருமுறை நிற்கிறார்: காப்பவராக ஒருமுறை, குற்றம் செய்யக்கூடியவராக ஒருமுறை. இதனை இழிவாகக் கருத வேண்டுவதில்லை. நம்பிக்கை உள்ள இடத்திலேயே துரோகம் நிகழ இயலும் என்ற ஆராய்ச்சி முடிவைச் சட்டம் ஏற்றுக்கொண்டது என்பதே அதன் பொருள். உடன் பணிபுரியும் ஒருவர்மீது புகார் வரும்போது, 'பள்ளியின் பெயர் கெடுமே' என அதனை மடித்து மேசைக்குள் வைப்பவர், சிறைக்குள் கேட்ட சாக்குகளுள் ஒன்றையே வேறு குரலில் சொல்லுகிறார்.

குழந்தை வாய் திறக்கும் நேரம் முன்னறிவிப்போடு வருவதில்லை. கணக்கு நோட்டைக் காட்டவந்த பிள்ளை, திரும்பிப் போகாமல் மேசையருகே நிற்கலாம். அரைகுறையாகச் சொல்லலாம், சொன்னதை மாற்றியும் சொல்லலாம். அப்போது ஆசிரியர் செய்யத்தக்கவை சிலவே. அமைதியாகக் கேட்டல், 'நீ ஏன் அங்கே போனாய்' என்று கேளாதிருத்தல், துருவித் துருவி விசாரிக்காமல், அதனைப் பயிற்சி பெற்ற அதிகாரிகளுக்கு விடுதல், 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடாதிருத்தல், பிள்ளை சொன்ன சொற்களை அவ்வண்ணமே எழுதி வைத்தல், காவல்துறைக்குத் தெரிவித்தல். 15999 என்னும் தாலியான் காசே தொலைபேசி வழியாகவும் உதவி நாடலாம்.

குற்றவாளிகள் கூறிய சாக்குகளையும் நியாயங்களையும் அறிஞர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு எழுதி வைத்துள்ளனர். அவற்றுள் ஒன்றேனும் ஊரார் வாயில் வழங்காதது இல்லை. அச்சொற்கள் பிள்ளைகளின் காதில் விழாமல் வளர்ப்பதும், ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்லும் சொல்லுக்குச் செவி கொடுப்பதும் சொல்லைத் தொழிலாகக் கொண்டோர்க்கு உரிய கடமைகளாம்.